ஓடென்ஸா, உட்ரெக்ட்டா?

நோபல் பார்க்,
மெல்பேர்ன்,
நவம்பர் 9, சனிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் பிள்ளைகளும் சுகம். அந்தக் குளிரில் நீங்களும் காய்ச்சல், தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ.

போனில் கதைக்காமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் நான் குரலை உயர்த்துகிறேன், நீங்கள் "சரி, வைக்கிறன்" என்கிறீர்கள். பிள்ளைகள் இரண்டும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுக்கிறார்கள். அதனால் அப்ஹாமை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, வெளியே காருக்குள் இருந்து ஈமெயிலில் எழுதுகிறேன். காற்று காரைப் பிடித்து உலுக்குகிறது. காலையில் வெயில் எரித்தது, இப்போது மழை. இந்த ஊர் வசந்தமும் என் மனதைப் போலத்தான், ஒரு நிலையில் நிற்பதில்லை.

நீங்கள் அனுப்பிய வொய்ஸ் எல்லாவற்றையும் கேட்டேன். டென்மார்க்கில் டொக்டரிடம் போகக் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் வரி பிடுங்கி எடுத்துவிடும். நெதர்லாந்தில் வரி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஆளுக்கு ஆள் மாதா மாதம் வைத்தியக் காப்புறுதி கட்ட வேண்டும். டென்மார்க்கில் வீடு தேடினால் கிடைக்கும், இந்த மாதங்களில் சூரியன்தான் கிடைக்காது. உட்ரெக்ட்டில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் மாடிப்படி ஏணி மாதிரி நிற்கும். ஓடென்ஸில் நாலு மணிக்கெல்லாம் வேலை முடிந்து கந்தோர் காலியாகிவிடும். உட்ரெக்ட்டில் அநேகமான தாய்மார் கிழமைக்கு மூன்று, நாலு நாள்தான் வேலைக்குப் போவார்கள். நீங்கள் சொன்னதை நான் கவனிக்கவில்லை என்று இனிச் சொல்ல மாட்டீர்கள்தானே.

ஓடென்ஸில் தாய்மார் குழந்தையைத் தள்ளுவண்டியோடு கோப்பிக் கடைக்கு வெளியே தூங்க விட்டுவிட்டு உள்ளே இருக்கிறார்கள் என்றீர்கள். அவ்வளவு பாதுகாப்பான நாடு என்று காட்டத்தான் சொன்னீர்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளையின் நினைவுதான். எங்கள் பிள்ளைப் பராமரிப்பு சென்டரில் பிள்ளைகள் முற்றத்துக்குப் போகும்போதும் தலையை எண்ணுகிறோம், திரும்பி வரும்போதும் எண்ணுகிறோம். ஆனாலும் ஒரு நாட்டில் அப்படி விட முடிகிறது என்றால் அது பெரிய விஷயம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

முந்தாநாள் உட்ரெக்ட்டிலிருந்து அனுப்பியதைப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினேன். கால்வாய் ஓரம் நடக்கிறீர்கள், மழை தூறுகிறது, சைக்கிள்கள் மீன் கூட்டம் மாதிரிப் போகின்றன, அந்தக் கம்பனிக்காரர் உங்களை இரண்டாம் தரமும் கூப்பிட்டுவிட்டார்கள், அநேகமாக முடிந்த மாதிரித்தான் என்றீர்கள். அப்ஹாம் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். நெதர்லாந்துக் கொடியை வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். ஃபர்ஹா கேட்டுவிட்டு எழுந்து போனாள். கதவடியில் திரும்பி, "உம்மா, டெல் வாப்பா ஐ ஆம் நாட் எ சூட்கேஸ்" என்றாள். அடுத்த வருடம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். கோபம் என்றால் கத்திவிடுவாள், உங்களுக்குத் தெரியும். இது கத்தாமல் சொன்னது. அதுதான் எனக்குப் பயம்.

மச்சான், கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கம்பி என்று அளந்து செலவு சொல்வது உங்கள் தொழில். நாடுகளையும் அப்படித்தான் அளக்கிறீர்கள். தோஹாவில் இருந்தபோது நியூசிலாந்துக் காற்று நல்லது என்றீர்கள். கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் போனபிறகு மெல்பேர்னில்தான் நம்முடைய ஆட்கள், நம்முடைய பள்ளிவாசல் என்றீர்கள். ஒவ்வொரு தரமும் நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் நான் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கினேன். கல்முனையில் டீச்சர். தோஹாவில் ஒன்றுமில்லை. கிறைஸ்ட்சேர்ச்சில் பாதி டிப்ளோமா. இங்கு வந்து அதை மறுபடி படித்து முடித்தேன். டேனிஷில் ஒரு பிள்ளைக்குக் கையைக் கழுவிவிட்டு வா என்று எப்படிச் சொல்வது? தேடிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை.

குறை சொல்லவில்லை. இங்கே வேலை செய்த கம்பனியை மூடிய அன்று நீங்கள் வந்து தலைக்கவசத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் வைத்து, துடைத்து, அலுமாரிக்கு மேல் வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதற்குப் பிறகு எத்தனை விண்ணப்பம், எத்தனை பதில் வராத நாட்கள். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் நீங்கள் நடந்த நடை. ஓடென்ஸிலிருந்து அஹ்மத் காக்கா "ஐரோப்பாவில ஆள் தேவையா இருக்கு, வந்து பாரு" என்றபோது உங்கள் பெட்டியை நானேதான் அடுக்கினேன்.

ஆனால் இந்த இரண்டும்கெட்டான் நிலை என்னை உருக்குகிறது. வீட்டு ஏஜென்ட் ஒப்பந்தத்தை நீடிக்கிறீர்களா என்கிறான். பிறகு சொல்கிறேன் என்கிறேன். ஃபர்ஹாவின் பள்ளிக்கூடம் அடுத்த வருடப் புத்தகத்துக்கு ஓடர் கொடுக்கச் சொல்கிறது. பிறகு. சென்டரில் எனக்கு மேலே இருக்கிற கமலினி, "ரினோசா, பெரிய பிள்ளைகளுடைய அறைப் பொறுப்பை நிரந்தரமா உங்களுக்குத் தரலாம் எண்டு இருக்கிறன், என்ன சொல்லுறீங்கள்?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டா. அதற்கும் பிறகுதான். டண்டினோங் கடையில் கண்டவர்கள் எல்லோரும், "சிஹாப்தீனுக்கு ஐரோப்பாவில சரிவந்திட்டாமே?" என்கிறார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு, ஓம், ரெண்டு நாட்டில கூப்பிடுறாங்க என்கிறேன்.

ஆகவே ஒன்றைச் சொல்லுங்கள். ஓடென்ஸ் என்றால் ஓடென்ஸ், உட்ரெக்ட் என்றால் உட்ரெக்ட். ஃபர்ஹாவை நான் பேசிச் சரிக்கட்டுகிறேன். நான் வருகிறேன். இதுவரை எங்கேயாவது வராமல் இருந்திருக்கிறேனா? ஒப்பிட்டது போதும், மச்சான். முடிவைச் சொல்லுங்கள்.

அப்ஹாம் ஈரத் தலையோடு ஓடி வருகிறான். நிறுத்துகிறேன். அல்லாஹ் உங்களைப் பாதுகாப்பானாக.

உங்கள்,
ரினோசா


நோபல் பார்க்,
நவம்பர் 13, புதன்கிழமை.

அன்புள்ள மரியம் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று நீங்கள் போனில் அவ்வளவும் சொன்னபோது நான் வெறுமனே "ஓம், ராத்தா, ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல் மனசுக்காரி என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தை மாற்றாமல் இருப்பதற்கே என் பலம் முழுக்கப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணவருடைய சிநேகிதரின் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறேனோ என்று நீங்கள் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டீர்கள். ராத்தா, கூடப் பிறந்தவள் செய்வதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். அஹ்மத் காக்கா கம்பஸில் அவரோடு ஒன்றாகப் படித்தவர் என்பதற்காக இத்தனை கிழமை உங்கள் ஓடென்ஸ் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறீர்கள். அந்த நன்றியே தீராது.

நீங்கள் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உட்ரெக்ட் கம்பனி போன மாதமே இல்லை என்று சொல்லிவிட்டது. ஓடென்ஸில் பார்த்த இடத்தில் டேனிஷ் தெரியாமல் முடியாது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் நெதர்லாந்துப் பக்கம் போகவே இல்லை. காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறார், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நூலகத்தில் இருக்கிறார், பின்னேரம் வேலை முடிந்து வருகிறவர் மாதிரி வருகிறார். இதெல்லாம் கூட என்னால் தாங்க முடிந்தது.

ஆனால் அன்றைக்கு உங்கள் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "இஞ்ச உட்ரெக்ட்டில நல்ல மழை, புள்ள" என்று அவர் கதைத்ததை நீங்கள் மாடிப்படியில் நின்று கேட்டதாகச் சொன்னீர்களே. உங்களுக்கு இறங்கி வரவும் முடியவில்லை, ஏறிப் போகவும் முடியவில்லை என்றீர்கள். அந்த வொய்ஸைத்தான், ராத்தா, நான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். என் மகன் கொடி வரைந்து ஒட்டியிருக்கிறான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்லிவிட்டாரே என்று. இன்று வேலையில் ஒரு சின்னப் பிள்ளை ஜூஸைக் கொட்டிவிட்டு, கொட்டின இடத்தின் மேலேயே இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றது. எழும்பினால் நான் பார்த்துவிடுவேனாம். அதைத் தூக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. குளியலறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ராத்தா, அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறார். இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். நானும் என் பங்குக்குக் கடை கடையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை வேறு, ஒன்றைச் சொல்லுங்கள், முடிவைச் சொல்லுங்கள் என்று நீட்டி எழுதியிருக்கிறேன். இல்லாத இரண்டு வேலைக்கு நடுவில் அவர் எதைச் சொல்வார்? அதை வாசித்துவிட்டு அவர் இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை என்று நீங்கள் சொன்னதும்தான் எனக்குப் பொறி தட்டியது.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். நீங்கள் எனக்குப் போன் எடுத்தது அவருக்குத் தெரியவே கூடாது. அஹ்மத் காக்காவும் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும். பின்னேரம் அவர் வந்தால் வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள், இஞ்சி தட்டிப் போட்டால் விரும்பிக் குடிப்பார். அவர் சாப்பிடாமல் படுக்க மட்டும் விடாதீர்கள்.

நான் அவருக்கு எழுதப் போகிறேன். என்ன எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை. எனக்காக இரண்டு ரக்அத் தொழுது கேளுங்கள்.

உங்கள் தங்கை,
ரினோசா


நோபல் பார்க்,
நவம்பர் 15, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகம். நானும் சுகம். இதை வாசிக்க முன்னால் ஒரு கதிரையில் இருந்துகொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

போன கிழமை, நீங்கள் சொல்லும் நாட்டுக்கு வருகிறேன் என்று எழுதினேன். இன்று அதை வாபஸ் வாங்குகிறேன். மச்சான், நான் வரவில்லை. ஓடென்ஸுக்கும் வரவில்லை, உட்ரெக்ட்டுக்கும் வரவில்லை.

இரண்டும் நல்ல நாடுகள். நீங்கள் அளந்து சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எந்த நாட்டில் டொக்டர் சும்மா பார்ப்பார், எந்த நாட்டில் பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கூடம் போவார்கள் என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். அங்கே போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் எனக்கு இன்னொரு தரம் தொடக்கத்திலிருந்து தொடங்கத் தெம்பில்லை. எனக்கும் நாற்பத்து மூன்று வயதாகிறது. இதை வாய்விட்டுச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்ததற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும்.

உங்களிடம் கேட்காமல் இரண்டு வேலை செய்துவிட்டேன். நேற்றுக் காலை கமலினியிடம் போய், அந்த அறையை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கட்டிப்பிடித்து, "இவ்வளவு நாளும் எங்கயம்மா ஒளிஞ்சிருந்தனீங்கள்?" என்றா. பிறகு ஏஜென்டுக்குப் போன் எடுத்து, இன்னொரு வருடம் இந்த வீட்டில்தான் இருப்போம் என்று சொன்னேன். நீங்கள் ஏசுவீர்கள். நாலு சுவருக்குள் ஏசுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஃபர்ஹாவுக்கு எல் போர்ட் கிடைத்துவிட்டது. பாஸ் பண்ணிவிட்டு என்னிடம் சொல்லாமல் காரின் கண்ணாடியில் அந்த மஞ்சள் அட்டையை ஒட்டிவிட்டு நின்றாள். லைசென்ஸ் எடுக்க முன் பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு நூற்றிருபது மணித்தியாலம் ஓட வேண்டுமாம். நேற்று நான் இருந்தேன். ஸ்பிரிங்வேல் ரோட்டில் லொறி ஒன்று பக்கத்தில் வந்ததும் நான் "யா அல்லாஹ்" என்று கத்தியதில் பிள்ளை நடுங்கிவிட்டாள். "நீங்க வேணாம், வாப்பா வந்தபிறகு ஓடுறன்" என்றாள். தமிழில் சொன்னாள், மச்சான். ஆங்கிலத்தில் இல்லை.

அப்ஹாமிடம், நாம் போகவில்லை என்றேன். கொஞ்சம் அழுதான். பிறகு, அப்படியென்றால் கிறிக்கெட் குழுவில் சேரலாமா என்றான். சேர்த்துவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். உட்ரெக்ட் கம்பனிக்காரர் உங்களை நம்பி இருப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் குழம்ப வேண்டாம். என் மனைவி சம்மதிக்கவில்லை என்று சொல்லுங்கள். அஹ்மத் காக்காவிடமும் மரியம் ராத்தாவிடமும் அப்படியே சொல்லுங்கள். கல்முனையில் உங்கள் கூடப்பிறந்த காக்கா கேட்டாலும் அதுதான். இங்கே நான் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். இன்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். அவருக்கு ரெண்டு இடத்திலயும் விருப்பம்தான், நான்தான் மாட்டன் எண்டுட்டன் என்றேன். ஒருத்தி, "நல்ல சான்ஸக் கெடுத்திட்டியே, புள்ள" என்று உச்சுக் கொட்டினாள். கொட்டட்டும். பெண்சாதி பிடிவாதக்காரி, அவளைக் கட்டிக்கொண்டு அந்த மனிதன் என்ன செய்வான் என்று ஊர் சொல்லட்டும். எனக்கு அதில் ஒரு குறையும் வராது.

வந்து என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள். வந்து கொஞ்ச நாள் தூங்குங்கள். என் சம்பளத்தில் ஓட்டிப் பார்ப்போம். ஓடாவிட்டால் இதைவிடச் சின்ன வீட்டுக்கு மாறுவோம். வீடு மாறுவது நமக்குப் புதிதா என்ன?

டிக்கெட்டை நீங்களே போடுங்கள். நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள். ஏன் இவ்வளவு அவசரமாக வந்தாய் என்று யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் ஒருவருக்கும் ஒரு விளக்கமும் சொல்லத் தேவையில்லை. எனக்கும்தான்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்குவானாக. ஆமீன்.

உங்கள் பிடிவாதக்காரி,
ரினோசா


ஓடென்ஸ்,
நவம்பர் 16.

அன்பான ரினோசாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். நான் இதை எழுதுவது ஓடென்ஸிலிருந்து. மரியம் ராத்தாவின் குசினியில் இருக்கிறேன். வெளியே மழையில்லை, மேகமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். தோஹா வழியாக வருகிறேன். விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம், வேலையைக் கெடுக்காதே. பஸ்ஸில் வந்துவிடுவேன். ஃபர்ஹா ஓட்டிக்கொண்டு வருவாள் என்றால் மட்டும் பக்கத்தில் இருந்து வா. கத்தாதே.

ரினோசா சம்மதிக்கவில்லை என்று அஹ்மதிடம் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்காமல் என் தோளில் கையை வைத்தான். மரியம் ராத்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டா. கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. வெங்காயம் என்றா. அடுப்பில் பால் மட்டும்தான் இருந்தது.

பிள்ளைகளுக்குச் சலாம் சொல்லு. அப்ஹாமுக்கு இங்கே ஒரு பந்து வாங்கியிருக்கிறேன், கிறிக்கெட் பந்து இல்லை, இந்த ஊரில் அது கிடைக்காது.

புள்ள, எனக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். வந்ததும் பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உனக்கு அது முன்னமே தெரிந்ததாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நான் தொடங்கும்போது, பரவாயில்லை, விடுங்க என்று சொல்லிவிடாதே. முடிக்கும் வரைக்கும் என்னை மறிக்காமல் கேட்டுக்கொண்டிரு.

சிஹாப்தீன்